தாளத்தின் இரண்டு பாதி

திருச்சிற்றம்பலம்.



நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குத் திருமுறையோ பஜனையோ சொல்லித் தருகிறோம். நானும் அப்படித்தான். வாரநாளில் பொறியியல் படிப்பு, ஞாயிறு காலையில் கோயில் பின்மண்டபத்தில் வகுப்பு. 7 வயதிலிருந்து 12 வயது வரை ஏறக்குறைய 18 பிள்ளைகள் வருவார்கள். சொல்லித் தருவது கஷ்டமில்லை. அவர்கள் சண்டையைத் தீர்ப்பதுதான் கஷ்டம். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். இசையை வைத்தே பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்க முடியுமா? முடியும் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான்.

திருமுறை ஓதும் விழாவுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் வகுப்பில் இருப்பது ஒரே ஒரு ஜோடி தாளம். 9 வயது பையன் ஒருவன் எப்போதும் முதலில் வந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அன்றைக்கு 10 வயது பையன் ஒருவன், "எப்பப் பாத்தாலும் நீயேதானா? குடுடா!" என்று இழுத்தான். இவன் விடவில்லை. தள்ளுமுள்ளில் பெரியவன் தூணில் மோதி உதடு கிழிந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! தாளத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இனிமே யாருக்கும் தாளம் கிடையாது. நீ இன்னைக்கு வெளியே போய் உட்காரு" என்று சின்னவனை எல்லார் முன்னாலும் விரட்டினேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் இரண்டு கட்சியாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆள் படுக்கும் அளவுக்கு இடைவெளி. ஒரு பக்கம் பாடினால் மறுபக்கம் வாயை மூடிக்கொண்டது. அந்த 9 வயதுக்காரன் வரவேயில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அர்ச்சனைத் தட்டோடு வந்த அவனுடைய பாட்டிதான் என்னிடம், "இனிமே போகமாட்டேங்கிறான் தம்பி. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்க வெளியே அனுப்பிட்டீங்களாம். ராத்திரி அழுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை, திருக்கோலக்கா. நம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சீர்காழியில் 3 வயதில் ஞானப்பால் உண்ட சம்பந்தப் பிள்ளை, பக்கத்திலிருக்கும் திருக்கோலக்காவுக்குப் போகிறார். சின்னக் கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறார். அந்தக் கை நோகுமே என்று இறைவன் ஐந்தெழுத்து பொறித்த பொற்றாளம் தருகிறார். வெறும் பொன்னில் நல்ல ஓசை வராது அல்லவா? அதனால் அம்பாள் அதற்கு ஓசை கொடுத்தாள் என்று தலவரலாறு சொல்லும். ஓசை கொடுத்த நாயகி என்பது அவள் பெயர்.

எத்தனையோ தடவை சொன்ன கதை. அன்றைக்குச் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டேன். இறைவன் முதலில் பார்த்தது எதை? பிள்ளையின் கையை. அந்தக் கை ஏன் சிவந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகுதான் கொடுத்தார். நானோ கையைப் பார்க்காமலேயே தாளத்தைப் பிடுங்கியவன்.

அன்று சாயங்காலமே மோட்டாரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அண்ணன் உன்கிட்ட கேக்காமலே திட்டிட்டேன்டா. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லு, தாளத்தை ஏன் யாருக்கும் தரமாட்டேங்கிற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "எனக்குப் பாட வராதுண்ணா. என் குரலைக் கேட்டா சிரிக்கிறாங்க. தாளம் போட்டா நானும் கூட இருக்கலாம்."

இளைஞர்களே, பிள்ளைகள் ஒரு பொருளுக்காகச் சண்டை போடும்போது பல சமயம் அந்தப் பொருளுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. அவன் கேட்டது ஒரு பித்தளைத் துண்டை இல்லை. கூட்டத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டான். நாம் பொருளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் அந்த இடத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறோம்.

அடுத்த ஞாயிறு அவன் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தான். முதலில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். விரட்டியது எல்லார் முன்னாலும்தானே, மன்னிப்பு மட்டும் தனியாக எப்படி? பிறகு தாளத்தை எடுத்து, இரண்டையும் சேர்த்திருந்த கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு கட்டினேன். ஒரு பாதியை 9 வயதுக்காரனிடமும் மறுபாதியை உதடு கிழிந்த 10 வயதுக்காரனிடமும் கொடுத்தேன். "இப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இந்தப் பாட்டுக்குத் தாளம் போடணும்" என்றேன்.

முதல் தட்டு 'தட்' என்று செத்த சத்தமாக வந்தது. இரண்டு பேரும் உலோகத்தையே இறுக்கிப் பிடித்திருந்தார்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கையிலேயே அடங்கிவிடும், ஓசை வராது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உலோகத்தைச் சும்மா விடவேண்டும். இரண்டாவது முயற்சியில் ஒருவன் தட்டும்போது மற்றவன் கையை நகர்த்திவிட்டான். காற்றில்தான் தட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களும் சிரித்துவிட்டார்கள். நாலைந்து முயற்சிக்குப் பிறகு ஒருவன் அசையாமல் ஏந்தினான், மற்றவன் அளவாகத் தட்டினான். மண்டபம் முழுக்க 'டிங்' என்று கேட்டது. அந்த ஓசை வரவேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். மூன்று வாரமாக முகம் பார்க்காதவர்கள் பார்த்தார்கள்.

பொறியியல் மாணவன் என்பதால் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது ஹைகன்ஸின் கடிகாரங்கள். ஊசல் கடிகாரத்தை 1656-இல் உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1665-இல் உடம்பு சரியில்லாமல் அறையில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள் ஒரே கதியில் ஆடின. வேண்டுமென்றே ஒன்றைக் கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் மீண்டும் சேர்ந்துகொண்டன. காரணம், இரண்டையும் தாங்கிய அந்தச் சட்டம். ஒன்றின் மெல்லிய அசைவு அதன் வழியாக மற்றதுக்குப் போய்ச் சேர்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த ஊசல்கள் ஒரே பக்கமாக ஆடவில்லை. ஒன்று இடப்பக்கம் போகும்போது மற்றது வலப்பக்கம் போனது. கதி ஒன்று, திசை வேறு.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பிள்ளைகளை நாம் கட்டாயப்படுத்துகிறோம். தேவையில்லை. ஒருவன் பாடட்டும், ஒருவன் தாளம் போடட்டும், ஒருத்தி ஆர்மோனியத்தில் சுருதி பிடிக்கட்டும். இவர்களைத் தாங்குகிற ஒரே சட்டம் வேண்டும், அவ்வளவுதான். நமக்கு அந்தச் சட்டம் இறைவன் திருப்பெயர். கோயிலில் பாடும்போது பாட்டு யாருடைய சொத்தும் இல்லை. கேட்பவர் சந்நிதியில் இருக்கிறார்.

இதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பெரியபுராணத்தில் ஆனாய நாயனார் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். அவர் மாடு மேய்ப்பவர். பூத்திருந்த கொன்றை மரத்தின் முன் நின்று, குழலில் ஐந்தெழுத்தை வாசிக்கிறார். பசுக்கள் மேய மறந்து நிற்கின்றன. கன்றுகள் பால் குடிக்க மறக்கின்றன. மயிலும் பாம்பும் ஒன்றாக வருகின்றன, சிங்கமும் யானையும் ஒன்றாக வருகின்றன, புலியும் மானும் ஒன்றாக வருகின்றன. துன்பம் செய்பவரும் துன்பப்படுபவரும் ஒரே உணர்வில் கலந்தார்கள் என்பது சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டும் கருத்து. நாயனார் புலியைத் திட்டவில்லை, மானுக்குத் தைரியம் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து கேட்பதற்கு ஒன்றைக் கொடுத்தார்.

"இது புராணம், இந்தக் காலத்துக்கு ஒத்து வருமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஓர் ஆய்வையும் சொல்கிறேன். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டோமசெல்லோ என்ற இருவர் 2010-இல் வெளியிட்டது. 4 வயதுப் பிள்ளைகள் 96 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விளையாட வைத்தார்கள். பாதிப் பேர் சேர்ந்து பாடி, ஆடி, வாசித்து விளையாடினார்கள். மீதிப் பேர் அதே விளையாட்டை இசை இல்லாமல் விளையாடினார்கள். பிறகு எல்லாருக்கும் வேறு ஒரு வேலை கொடுத்தபோது, சேர்ந்து பாடிய பிள்ளைகளே ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள், சேர்ந்து வேலை செய்தார்கள். பாட்டு நின்ற பிறகும் அந்த உறவு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆனால் இசை என்றாலே தானாக ஒற்றுமை வந்துவிடாது. திருவிழாவில் இரண்டு உறுமி மேளக் குழுக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, யார் சத்தம் பெரிது என்று போட்டி போடுவதை நாம் பார்த்ததில்லையா? கையில் இருப்பது இசைக்கருவிதான், நடப்பது சண்டை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? காதில். மற்றவரைக் கேட்டால் அது இசை. அவரை மூழ்கடிக்க வாசித்தால் அது வெறும் சத்தம்.

அதனால் எங்கள் வகுப்பில் சில பழக்கங்களைக் கொண்டுவந்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, பக்கத்தில் இருப்பவர் குரல் உன் காதில் விழும் அளவுக்கு மட்டும் சத்தமாகப் பாடு. அவர் குரல் கேட்கவில்லையென்றால் நீ கத்துகிறாய் என்று அர்த்தம். இதைச் சொன்ன முதல் நாளே மண்டபம் அமைதியாகிவிட்டது. குரல் கரகரப்பான பிள்ளைகளும் பயமில்லாமல் வாய் திறந்தார்கள்.

இரண்டாவது, சண்டை போட்டுக்கொண்ட பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு வரியை ஒரு பக்கம் பாட, அடுத்த வரியை மறுபக்கம் பாடச் சொன்னோம். மறுபக்கம் எங்கே முடிக்கிறது என்று கவனித்தால்தான் இந்தப் பக்கம் தொடங்க முடியும். முறை வருவதற்குக் காத்திருப்பது ஒரு தண்டனையாகத் தெரியாமல், பாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். சண்டை வந்தால் உடனே விசாரணை கிடையாது. முதலில் ஒரு பாட்டு. மூச்சு சமநிலைக்கு வந்த பிறகு பேச்சு. பேசும்போது ஒரே ஒரு விதி. திருமுறை வகுப்பில் நான் ஒரு வரி பாடினால் பிள்ளைகள் அதை அப்படியே திருப்பிப் பாடுவார்கள் இல்லையா? அதே மாதிரி, எதிரில் இருப்பவன் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லவேண்டும். அவன் "ஆமா, அதான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் உன் பதில்.

அந்த 10 வயதுக்காரன், "இவனுக்குப் பாட பயமா இருக்காம், அதனாலதான் தாளத்தை விடலையாம்" என்று தன் வாயாலேயே திருப்பிச் சொன்னபோது அவன் குரல் மாறிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் சிரிச்சேன்டா, சாரி" என்றான். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு சின்னவன் முறை. "இவனுக்கும் ஒரு தடவையாவது தாளம் போட ஆசையாம்" என்றான். அதுவரை அவனுக்கு அது தோன்றவேயில்லை.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். எல்லாச் சண்டையும் தாளச் சண்டை இல்லை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை தொடர்ந்து அடிக்கிறான், மிரட்டுகிறான் என்றால், "வாங்க, சேர்ந்து பாடலாம்" என்று மூடி மறைப்பது பாவம். அங்கே முதலில் அடி வாங்கும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும், பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் சொல்லவேண்டும். பாட்டு அழுகிற பிள்ளையின் வாயை அடைக்கும் துணியாகிவிடக் கூடாது.

சரி, தப்பு செய்த பிள்ளையைத் திருத்தவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். திருத்தவேண்டும். எப்படித் திருத்துவது என்பதற்குத் திருத்தருமபுரத்தில் நடந்ததை நினைத்துக்கொள்வோம்.

சம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழில் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். வயதில் பெரியவர். திருத்தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கே இருந்த அவருடைய உறவினர்கள், "நீங்கள் யாழில் வாசிப்பதால்தான் பதிகத்தின் பெருமை உலகமெங்கும் பரவுகிறது" என்று புகழ்ந்தார்கள். இந்தப் பேச்சு ஒரு நட்பை உடைக்கப் போதும். இன்றைக்கும் நம் குழுக்களில் "உன்னாலதான்டா இந்தக் குழுவே நிக்குது" என்று ஒருவர் காதில் ஓதுவதில்தான் பாதிப் பிளவு ஆரம்பிக்கிறது.

ஆனால் பாணர் நடுங்கிப்போனார். பிள்ளையிடமே போய், யாழில் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடியருள வேண்டினார். பிள்ளை பாடினார். யாழ் தோற்றது. பாணரால் வாசிக்க முடியவில்லை. இந்தப் பழிக்கெல்லாம் காரணம் இந்தக் கருவிதானே என்று யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்ற பெயர் நின்றதே இதனால்தான்.

அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்தார்? தன் பாட்டு வென்றுவிட்டது என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கையை நீட்டித் தடுத்தார். பாணரை ஐயர் என்று மரியாதையோடு அழைத்தார். அம்மையப்பரின் பெருமை ஒரு கருவிக்குள் அடங்குமா, வந்த அளவு வாசியுங்கள் என்ற பொருள்பட ஆறுதல் சொன்னார். யாழை வாங்கி, திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார். பாணர் அதன் பிறகும் கடைசி வரை கூடவே இருந்து வாசித்தார். திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்தபோதும் கூட இருந்தார்.

உண்மை நிலைநாட்டப்பட்டது, ஆனால் யாழ் உடையவில்லை. ஒரு பிள்ளையைத் திருத்தும்போது நமக்கு இதுதான் அளவுகோல். தப்பைச் சொல்லு. தெளிவாகவே சொல்லு. ஆனால் சொல்லி முடித்த பிறகு அவன் கையில் அவனுடைய யாழ் இருக்கிறதா என்று பார். நான் அலமாரியில் பூட்டியது ஒரு ஜோடித் தாளத்தை மட்டும் என்று நினைத்தேன். ஒரு பிள்ளையின் யாழையும் சேர்த்துத்தான் பூட்டியிருந்தேன்.

இப்போது அந்த இரண்டு பையன்களும் நகமும் சதையுமாக ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். போன வாரம் கூட காற்பந்தில் யார் கோல் அடித்தது என்று கத்திக்கொண்டு வந்தார்கள். ஆனால் மண்டபத்துக்குள் வந்ததும் சின்னவன் அலமாரியைத் திறந்து தாளத்தை எடுத்தான். ஒரு பாதியைத் தான் வைத்துக்கொண்டு மறுபாதியை அவனிடம் நீட்டினான். "முதல்ல பாடிருவோம்டா. அப்புறம் பேசிக்கலாம்" என்றான். அன்று ஓதும்போது அவனுடைய கரகரத்த குரலும் கூட்டத்தில் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை.

இளைஞர்களே, நம் கோயில்களில் விளக்குக்குக் குறையில்லை, ஒலிபெருக்கிக்குக் குறையில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்காரும் அண்ணன், அக்காமார்தான் குறைவு. பெரிய சங்கீத ஞானம் வேண்டாம். ஒரு தாளம், ஒரு பாட்டு, கேட்பதற்குக் காது, இவ்வளவு போதும். வரும் ஞாயிறு உங்கள் தாமானில் இருக்கும் கோயிலுக்கு ஓர் அரை மணி நேரம் முன்னாடியே போங்கள். ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை கையில் தாளத்தின் ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு, மறுபாதியை நீங்கள் ஏந்துங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஓசை கொடுக்க அம்பாள் இருக்கிறாள்.

திருச்சிற்றம்பலம்.